உலோக வால்வா, திசு வால்வா? அறுவைக்கு முன் வீட்டில் பேசி முடிக்க வேண்டியவை

எங்கள் வீட்டில் இரண்டு செயற்கை இதய வால்வுகள் இருக்கின்றன. அக்காவுக்கு 34 வயதில் வைத்தது உலோக வால்வு. அப்பாவுக்கு 71 வயதில் வைத்தது, விலங்கின் திசுவால் செய்த திசு வால்வு. இரவில் காற்றாடியை நிறுத்திவிட்டால் அக்காவின் அறையில் கைக்கடிகாரம் போல டிக், டிக் என்று கேட்கும். அப்பாவிடம் ஒரு சத்தமும் இல்லை. கோலாலம்பூர் செந்தூலில் இதே வீட்டிலிருந்து இருவரையும் மாறி மாறி மருத்துவமனைக்குக் கூட்டிப்போய் வருகிறவள் நான்.

இந்த மாதம் மட்டும் மூன்று குடும்பங்கள் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்டுவிட்டன. கிள்ளானில் 28 வயதுப் பெண், இன்னும் திருமணம் ஆகவில்லை. சிறுவயதில் வந்த ருமாட்டிக் காய்ச்சலால் அவளுடைய மைட்ரல் வால்வு, அதாவது இதயத்தின் இடப்பக்க மேலறைக்கும் கீழறைக்கும் நடுவில் இருக்கும் கதவு, சுருங்கிவிட்டது. ரவாங்கில் 58 வயது லாரி ஓட்டுநர், அவருக்கு அயோர்ட்டிக் வால்வு, இதயத்திலிருந்து உடம்புக்கு ரத்தம் வெளியேறும் வாசலில் இருப்பது. செராஸில் 76 வயது அம்மா, அவருக்கும் அயோர்ட்டிக்தான். மூவரிடமும் மருத்துவர், "எந்த வால்வு என்று வீட்டில் பேசிவிட்டு அடுத்த முறை வந்து சொல்லுங்கள்" என்றிருக்கிறார். வீட்டில் என்ன பேசுவது என்றுதான் அவர்களுக்குத் தெரியவில்லை.

நான் மருத்துவர் இல்லை. இத்தனை வருடம் பக்கத்தில் இருந்து பார்த்ததையும், கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டதையும் எழுதுகிறேன். முடிவை உங்கள் மருத்துவரோடு சேர்ந்துதான் எடுக்க வேண்டும்.

## ஒரு சின்னக் கதவு, நாளுக்கு ஒரு லட்சம் முறை

இதயம் ஓய்வாக இருக்கும்போதே நிமிடத்துக்கு ஏறக்குறைய 5 லிட்டர் ரத்தத்தைத் தள்ளுகிறது. ஒவ்வொரு துடிப்புக்கும் வால்வு ஒரு முறை திறந்து மூடும். ஒரு நாளைக்குச் சுமார் ஒரு லட்சம் முறை, வருடத்துக்கு மூன்றரைக் கோடிக்கும் மேல். தேயக்கூடாது, உடையக்கூடாது, அதில் ரத்தம் உறையக்கூடாது. செயற்கை இதயம் செய்ய முயன்ற எல்லாருமே கடைசியில் இந்தக் கதவுக்கு முன்னால் வந்துதான் நின்றார்கள். 1982 டிசம்பரில் அமெரிக்காவின் சால்ட் லேக் சிட்டியில் பார்னி கிளார்க் என்ற பல் மருத்துவருக்கு ஜார்விக்-7 என்ற முழுச் செயற்கை இதயத்தைப் பொருத்தினார்கள். இரண்டே வாரத்துக்குள் அதிலிருந்த ஒரு வால்வு உடைந்துபோனது. மறுபடி அறுவை செய்து அந்தப் பக்கத்தை மாற்ற வேண்டி வந்தது. அவர் 112 நாள் உயிரோடு இருந்தார்.

முழு இதயம் இன்றைக்கும் மிகச் சிலருக்கே. வால்வு அப்படியில்லை. 1960இல் ஆல்பர்ட் ஸ்டார் என்ற அறுவை மருத்துவரும் லோவெல் எட்வர்ட்ஸ் என்ற பொறியாளரும் சேர்ந்து, கூண்டுக்குள் பந்து ஏறி இறங்கும் வால்வைச் செய்தார்கள். அதிலிருந்து இன்றுவரை லட்சக்கணக்கானவர்கள் செயற்கை வால்வோடு நடமாடுகிறார்கள்.

## முதலில் எதை வைத்து அளப்பது

"எது நல்ல வால்வு?" என்றுதான் எல்லாரும் தொடங்குகிறார்கள். நாங்களும் அப்படித்தான் தொடங்கினோம். அந்தக் கேள்விக்குப் பதில் கிடையாது. இரண்டும் நல்ல வால்வுகளே. ஒன்று தினமும் கொஞ்சம் கொஞ்சமாக விலை கேட்கும். மற்றது பத்துப் பதினைந்து வருடம் கழித்து மொத்தமாகக் கேட்கும். எந்த விலையை உங்களால் கொடுக்க முடியும் என்பதே கேள்வி.

அதற்கு ஐந்து விஷயங்களைப் பார்க்க வேண்டும். இன்னும் எத்தனை வருடம் இந்த வால்வு ஓட வேண்டும்? ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்தை ஆயுள் முழுக்கச் சாப்பிட்டு, விடாமல் ரத்தம் சோதித்துக்கொள்ள முடியுமா? இன்னொரு அறுவையைத் தாங்கும் உடம்பா? வேலை எப்படிப்பட்டது, குழந்தை பெறும் எண்ணம் உண்டா? கடைசியாக, பணமும் நம்பிக்கையும். மாட்டுத் திசு, பன்றித் திசு என்று கேட்டதும் தயங்குகிற வீடுகள் நம்மில் நிறைய. அதைச் சொல்ல வெட்கப்பட வேண்டியதில்லை.

## உலோக வால்வு

பெயர்தான் உலோகம். இப்போது வைப்பவற்றில் திறந்து மூடும் இதழ்கள் ஒரு வகைக் கார்பனால் ஆனவை. அணு உலை எரிபொருளுக்குப் பூச்சாகப் பயன்படுத்திய கார்பன், ரத்தத்தோடும் ஒத்துப்போகிறது என்று 1960களில் கண்டுபிடித்தார்கள். இரண்டு அரைவட்ட இதழ்கள் கொண்ட இன்றைய வடிவம் 1977இல் முதன்முதலாக ஒரு நோயாளிக்குள் போனது. இந்தியாவிலும் திருவனந்தபுரத்தின் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனம் சாய்ந்து திறக்கும் ஒற்றைத் தட்டு வால்வை உருவாக்கி, 1990இலிருந்து பொருத்திவருகிறது.

இதன் பெரிய பலம், தேயாது. பொதுவாக நம் ஆயுளைத் தாண்டியும் உழைக்கும். அந்த நம்பிக்கை சும்மா வந்ததில்லை. ஒரு காலத்து பியார்க்-ஷைலி வால்வின் ஒரு வகையில் பற்றவைத்த கம்பி உடைந்து, உலகம் முழுக்கப் பலர் இறந்தார்கள். 1986இல் அதை விற்பனையிலிருந்து எடுத்தார்கள். இன்றைய இரண்டு இதழ் வடிவத்தில் அப்படிப் பற்றவைத்த கம்பி இல்லை.

பலவீனம் கீல் இருக்கும் இடத்தில். இதழ் திரும்பும் அந்தச் சின்ன இடுக்கில் ரத்தம் தேங்கினால் உறையும். உறைந்தால் ஒன்று வால்வு சிக்கிக்கொள்ளும், அல்லது கட்டி மூளைக்குப் போய்ப் பக்கவாதம் வரும். மூடியிருக்கும்போதும் கொஞ்சம் ரத்தம் பின்னால் கசிந்து கீலைக் கழுவட்டும் என்றே வடிவமைத்திருக்கிறார்கள். அதுவும் போதாது. அதனால்தான் ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை.

அக்கா தினமும் சாயங்காலம் வார்ஃபரின் சாப்பிடுகிறார். மருந்து கூடினால் ரத்தக்கசிவு, குறைந்தால் உறைவு. நடுவில் ஒரு குறுகிய பாதை. அதை அளக்கும் எண்ணுக்கு ஐஎன்ஆர் என்று பெயர். மைட்ரல் உலோக வால்வுக்குப் பொதுவாக 2.5 முதல் 3.5 வரை, அயோர்ட்டிக்குக்கு 2 முதல் 3 வரை இருக்க வேண்டும். சீராக இருக்கும் மாதங்களில் நாலைந்து வாரத்துக்கு ஒரு முறை சோதனை, ஆடிவிட்டால் ஒரு வாரத்திலேயே மறுபடி. காலையில் போய் ரத்தம் கொடுத்து, முடிவுக்குக் காத்திருந்து, மருந்தாளரைப் பார்த்து வீடு திரும்ப அரை நாள் போய்விடும். அரை நாள் விடுப்பு, வருடத்துக்குப் பத்துப் பன்னிரண்டு தடவை. யாரும் முன்கூட்டிச் சொல்லாத செலவு இதுதான்.

அப்புறம் சாப்பாடு. கீரையில் இருக்கும் கே வைட்டமின் வார்ஃபரினுக்கு எதிராக வேலை செய்யும். "கீரையே கூடாது" என்று அக்காவை முதல் வருடம் பட்டினி போட்டோம். அது தப்பு. முருங்கைக்கீரையோ கங்கோங்கோ பாயாமோ சாப்பிடலாம், வாரா வாரம் ஏறக்குறைய ஒரே அளவில் இருக்க வேண்டும். ஒரு வாரம் முழுக்கக் கீரை, அடுத்த வாரம் ஒன்றுமில்லை என்றால்தான் எண் ஆடும். புரட்டாசி மாதம் சைவத்துக்கு மாறும்போது எங்கள் மருந்தாளரிடம் முன்னாலேயே சொல்லிவிடுவோம். ஜாமு என்ற மூலிகை மருந்து, ஜின்செங், பூண்டு மாத்திரை, மஞ்சள் மாத்திரை எதையும் கேட்காமல் தொடக்கூடாது. தலைவலிக்கு இபுப்ரோஃபென் கூடாது.

ஒரு சம்பவத்தைச் சொல்ல வேண்டும். முட்டிவலி என்று அக்கா பக்கத்துக் கிளினிக் ஒன்றுக்குப் போனார். இடுப்பில் ஊசி போட்டார்கள். வார்ஃபரின் சாப்பிடுகிறாரா என்று அங்கே யாரும் கேட்கவில்லை, அக்காவும் வலியில் சொல்லவில்லை. இரண்டு நாளில் இடுப்பு முழுக்க ரத்தம் கட்டி, கறுத்து, வீங்கிவிட்டது. ஐந்து நாள் மருத்துவமனையில் இருந்தோம். அன்றிலிருந்து அடையாள அட்டைக்குப் பின்னால் வால்வு அட்டையும் வார்ஃபரின் புத்தகமும் இல்லாமல் அவர் வாசல் தாண்டுவதில்லை.

"இப்போதுதான் சோதனையே தேவைப்படாத புது மாத்திரைகள் வந்துவிட்டனவே?" என்று கேட்பீர்கள். உலோக வால்வுக்கு அவை ஆகாது. அவற்றில் ஒன்றான டாபிகாட்ரானை உலோக வால்வுக்காரர்களிடம் சோதித்த ஆய்வைப் பாதியில் நிறுத்தினார்கள், உறைவும் கூடியது, கசிவும் கூடியது. பிறகு அபிக்ஸாபான் என்ற இன்னொன்றைச் சோதித்ததும் நின்றுபோனது. உறவினர் சாப்பிடுகிறார் என்று நீங்களாக மாறிவிடாதீர்கள், அது உயிருக்கே ஆபத்து.

குழந்தை பெறும் வயதில் இருக்கும் பெண்களுக்கு இதுவே மிகக் கடினமான இடம். வார்ஃபரின் நஞ்சுக்கொடியைத் தாண்டிப் போகும். 6 முதல் 12 வாரத்துக்குள் கருவின் வளர்ச்சியைக் கெடுக்கலாம். நாளுக்கு 5 மில்லிகிராமுக்கு மேல் தேவைப்படுகிறவர்களுக்கு ஆபத்து இன்னும் அதிகம். உறைவு தடுக்கும் ஹெபாரின் ஊசிக்கு மாறினால் குழந்தைக்கு நல்லது, தாயின் வால்வில் உறைவு வரும் ஆபத்து கூடும். எப்படிப் போனாலும் ஒருவர் பக்கம் சாய வேண்டியிருக்கும். அக்காவுக்கு அறுவைக்கு முன்பே இரண்டு பிள்ளைகள் பிறந்துவிட்டார்கள். அதனால் எங்களுக்கு இந்தக் கேள்வி வரவில்லை.

இத்தனையும் சொன்ன பிறகும் சொல்கிறேன், அக்கா நன்றாக இருக்கிறார். தைப்பூசத்துக்குப் பத்துமலையின் 272 படிகளையும் பால்குடத்தோடு ஏறுகிறார். அலகு குத்துவது மட்டும் கிடையாது, அதை முருகனிடம் சொல்லிவிட்டார். 50 வயதுக்குக் கீழே, குழந்தைத் திட்டம் இல்லாமல், மாத்திரையிலும் சோதனையிலும் ஒழுங்காக இருக்கக்கூடியவருக்கு உலோக வால்வு நல்ல துணை.

## திசு வால்வு

மாட்டின் இதய உறையைத் தைத்தோ, பன்றியின் வால்வை அப்படியே எடுத்தோ செய்வது. பச்சைத் திசுவை வைத்தால் சீக்கிரம் கெட்டுவிடும். குளுட்டரால்டிஹைடு என்ற ரசாயனத்தில் பதப்படுத்தினால் நிலைக்கும் என்று 1960களின் கடைசியில் காட்டியவர் பிரான்ஸின் அலன் கார்பெண்டியே. ஏறக்குறைய தோலைப் பதனிடுவது போலத்தான். இதன் வழியே ரத்தம் இயற்கை வால்வில் ஓடுவது போல நடுவழியே ஓடும். அதனால் உறையும் ஆபத்து குறைவு. முதல் 3 முதல் 6 மாதம் வார்ஃபரின் இருக்கலாம், அப்புறம் பலருக்கு ஆஸ்பிரின் போதும்.

தேய்வதுதான் விலை. இதழ்களில் சுண்ணாம்பு படிந்து விறைக்கும், அல்லது கிழியும். பொதுவாக 10 முதல் 15 வருடம் என்பார்கள். வயதானவர்களிடம் அதைவிட நீண்டும் உழைக்கும். இளம் வயதில் உடம்பு சுண்ணாம்பைச் சீக்கிரம் படியவைக்கிறது. மைட்ரல் இடத்தில் அழுத்தம் அதிகம் என்பதால் அங்கே தேய்மானமும் வேகம். டயாலிசிஸ் செய்கிறவர்களுக்கும் அப்படியே.

இரண்டாவது அறுவை முதலாவதைப் போல இருக்காது. நெஞ்செலும்புக்குக் கீழே பழைய தழும்பில் இதயம் ஒட்டிக்கொண்டிருக்கும், நீங்களும் பத்துப் பதினைந்து வயது கூடியிருப்பீர்கள். இப்போது ஒரு மாற்று வழி இருக்கிறது. பழைய திசு வால்வுக்குள்ளேயே, தொடை வழியாக ஒரு புது வால்வைச் செருகலாம். இதை நம்பித்தான் இன்று பலர் 55, 58 வயதிலும் திசு பக்கம் போகிறார்கள்.

இங்கே ஒரு விஷயம் பலருக்குத் தெரிவதில்லை. முதல் வால்வு சின்ன அளவாக இருந்தால், அதற்குள் இன்னொன்றைச் செருகியதும் வழி இன்னும் குறுகிவிடும். சட்டிக்குள் சட்டி வைத்தால் உள்சட்டி சின்னதாகத்தானே இருக்கும். உடல்வாகு சிறியவர்களுக்கு, முக்கியமாக நம் பெண்களுக்கு, அயோர்ட்டிக் வாயே குறுகல். அதனால் முதல் அறுவையிலேயே, "பெரிய அளவு வைக்க முடியுமா? வாயை விரித்துத் தைக்க முடியுமா?" என்று கேளுங்கள்.

இன்னொன்று, இதயத் துடிப்பு ஒழுங்கற்றுப் போகும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் இருந்தால், திசு வைத்தாலும் உறைவு தடுக்கும் மருந்து தேவைப்படும். மாத்திரையே வேண்டாம் என்றுதான் திசுவைத் தேர்ந்தெடுக்கிறீர்கள் என்றால், இதை முதலில் விசாரியுங்கள். ஆனால் இவர்களுக்குக் கொஞ்ச காலம் கழித்துப் புது மாத்திரைகளுக்கு மாற வழி உண்டு.

அப்பா சைவம். மாட்டுத் திசு என்றதும் இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை. செந்தூல் தண்டாயுதபாணி கோவிலுக்குப் போய் வந்து, "பால் கொடுத்து வளர்த்த ஜீவன், இப்போ இதையும் கொடுக்குது" என்றார், கையெழுத்துப் போட்டார். உங்கள் வீட்டில் அப்படி முடியாமலும் போகலாம். இந்துக்களில் மாடு வேண்டாம் என்பவர்களுக்குப் பன்றித் திசு இருக்கிறது, தமிழ் முஸ்லிம் குடும்பங்களுக்கு மாட்டுத் திசு இருக்கிறது. அறுவை மேசைக்குப் போகும் முன்பே சொன்னால்தான் மருத்துவர் மாற்றிக்கொள்ள முடியும்.

## தொடை வழியாக வைக்கும் டாவி

இதுவும் திசு வால்வே, வைக்கும் வழிதான் வேறு. 2002இல் பிரான்ஸின் ரூவோன் நகரில் அலன் கிரிபியே முதன்முதலாகச் செய்தார். தொடை இடுக்கு ரத்தக்குழாய் வழியாகச் சுருக்கிய வால்வைக் கொண்டுபோய், சுருங்கிய அயோர்ட்டிக் வால்வுக்குள் விரிப்பார்கள். நெஞ்சைத் திறப்பதில்லை. சில நாளில் வீட்டுக்கு வந்துவிடலாம். சிலருக்கு அதற்குப் பிறகு பேஸ்மேக்கர் தேவைப்படும். வால்வின் விலையும் அறுவை வால்வைவிடப் பல மடங்கு. சில தயாரிப்புகள் மாட்டுத் திசு, சில பன்றி, இதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

## மாற்றாமலே சரிசெய்ய முடியுமா

இதை யாரும் கேட்பதில்லை, கேட்க வேண்டிய முதல் கேள்வியே இதுதான். கசியும் மைட்ரல் வால்வைப் பல நேரம் தைத்தே சரிசெய்யலாம். ருமாட்டிக் காய்ச்சலால் ஒட்டிப்போன மைட்ரல் வால்வைச் சிலருக்குப் பலூன் வைத்துப் பிரிக்கலாம். சொந்த வால்வு இன்னும் கொஞ்ச வருடம் ஓடினால் அந்த வருடங்கள் அத்தனையும் லாபம்.

## ஒரே பார்வையில்

| | உலோகம் | திசு | டாவி |
|---|---|---|---|
| உழைப்பு | பொதுவாக ஆயுள் முழுக்க | 10–15 வருடம், வயதானால் கூடும் | திசு போலவே |
| வார்ஃபரின் | ஆயுள் முழுக்க | முதல் சில மாதம் | பொதுவாகத் தேவையில்லை |
| மறு அறுவை | அரிது | இளையோருக்கு நிச்சயம் என்றே எண்ணுங்கள் | தேய்ந்தால் சிக்கல் |
| சத்தம் | கேட்கும் | இல்லை | இல்லை |
| மறைந்த செலவு | அரைநாள் விடுப்புகள், சோதனை, காயம் | இரண்டாவது அறுவை, வருடாந்தர எக்கோ (இதய ஸ்கேன்) | வால்வின் விலை, பேஸ்மேக்கர் |

எதை வைத்தாலும் பல்லைக் கவனியுங்கள். ஈறு வழியாகக் கிருமி போய் வால்வில் உட்கார்ந்தால் பெரிய ஆபத்து. பல் பிடுங்கும் முன் ஆன்டிபயாட்டிக் தேவை என்று பல் மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

## கோலாலம்பூரில் பணக் கணக்கு

ஜாலான் துன் ரசாக்கில் இருக்கும் தேசிய இருதயக் கழகமோ, மலாயா பல்கலைக்கழக மருத்துவ மையமோ, தனியார் மருத்துவமனையோ, எங்கே போனாலும் அறுவைக் கட்டணத்தையும் வால்வின் விலையையும் தனித்தனியாகக் கேளுங்கள். வீட்டில் அரசு ஊழியரோ ஓய்வூதியரோ இருந்தால் உத்தரவாதக் கடிதம் பற்றி முதலில் விசாரியுங்கள். ஊழியர் சேமநிதியில் மருத்துவத்துக்காகப் பணம் எடுக்கும் வழியும், சுகாதார அமைச்சின் மருத்துவ உதவி நிதியும் இருக்கின்றன. மருத்துவமனையின் சமூகநலப் பிரிவில் ஒரு காலைப்பொழுது உட்கார்ந்தால் படிவங்களை அவர்களே எடுத்துக் கொடுப்பார்கள்.

## அந்த மூவருக்கும்

செராஸ் அம்மாவுக்கு வயது 76. உலோக வால்வைப் பற்றிப் பேச்சே வேண்டாம். திசு அறுவையா, டாவியா என்பதே கேள்வி. சி.டி. ஸ்கேனில் ரத்தக்குழாய் வழி நன்றாக இருந்து, பணத்துக்கும் வழி இருந்தால் நான் டாவி பக்கம் நிற்பேன்.

ரவாங் அண்ணனுடைய நிலை சிக்கலானது. மருத்துவர்களுக்கான அமெரிக்க வழிகாட்டியில் 50 முதல் 65 வரை இரண்டும் சரி, பேசி முடிவெடுக்க வேண்டிய வயது. ஐரோப்பிய வழிகாட்டி அயோர்ட்டிக்குக்கு 60 வயதுக்குக் கீழே உலோகத்தின் பக்கம் சாய்கிறது. ஒரே மனிதர், இரண்டு விடை. அவர் வாரத்தில் நாலு நாள் வடக்கு-தெற்கு நெடுஞ்சாலையில் இருக்கிறார். டயர் கழற்றுகிறார், நேரம் தவறிச் சாப்பிடுகிறார். ஐஎன்ஆர் சோதனைக்கு எந்தக் காலை நிற்பார்? அந்த வாழ்க்கையோடு வார்ஃபரினைச் சேர்த்துப் பார்க்க எனக்குப் பயமாக இருக்கிறது. பெரிய அளவுத் திசு வால்வுக்கு வாய் இடம் கொடுத்தால் அதையே கேட்கச் சொல்வேன். இரண்டு வருடத்தில் லாரியை விட்டு இறங்கிவிடப் போகிறார் என்றால் என் பதில் மாறும்.

கிள்ளான் தங்கைக்குச் சொல்ல எனக்கு நிறைய நேரம் பிடித்தது. முதலில் பலூன் முடியுமா என்று கேட்க வேண்டும். முடியாது என்றால், குழந்தை வேண்டும் என்று அவள் நினைத்தால், திசு. 28 வயதில், மைட்ரல் இடத்தில் அது பத்து வருடம் கூட நிற்காமல் போகலாம். நாற்பதுக்கு முன்பே இன்னொரு அறுவை வரும், அப்போது உலோகம் வைத்துக்கொள்ளலாம். இதைத் தெரிந்தே ஏற்றுக்கொள்ள வேண்டும். குழந்தை வேண்டாம் என்று அவள் நினைத்தால், இன்றே உலோகம் வைத்து ஒரே அறுவையோடு முடிக்கலாம். அவளுடைய அம்மா இரண்டு முறை போன் செய்து, "மாப்பிள்ளை வீட்டாரிடம் என்ன சொல்வது?" என்று கேட்டார். அந்தக் கேள்வியை இப்போதைக்கு ஓரமாக வையுங்கள் ஆன்ட்டி. அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போது நீங்களும் அண்ணனும் பத்து நிமிடம் வெளியே உட்காருங்கள். குழந்தை வேண்டுமா வேண்டாமா என்று அவள் வாயாலேயே சொல்லட்டும்.